ஆண்டுக்கு ஒரு படி நெய்

பாலாற்றங்கரைக் கணக்குகள் – 17

மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் கோயிலில் இருக்க மாட்டார். பார்வேட்டைக்குப் புறப்பட்டு, வழியெல்லாம் மண்டகப்படி ஏற்றுக்கொண்டு, வாலாஜாபாத் தாண்டிப் பழையசீவரத்துக்கு வந்துவிடுவார். மலைமேல் லட்சுமி நரசிம்மர் சன்னிதியில் திருமஞ்சனம். அது முடிந்து நரசிம்மரையும் உடன் கூட்டிக்கொண்டு பாலாற்றைக் கடந்து எதிர்க்கரைத் திருமுக்கூடலுக்குப் போவார். சாலவாக்கத்திலிருந்தும் காவாந்தண்டலம் பக்கத்து ஊர்களிலிருந்தும் வண்டி வண்டியாக ஜனம் வந்து சேரும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற அந்த இடத்தில் ஆற்றில் தண்ணீரைவிட மணலும் மனிதத் தலைகளும்தான் அதிகம் தெரியும்.

இந்தக் கூட்டம் முழுவதும் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் மதிலை ஒட்டித்தான் நகர்கிறது. முதுகைச் சாய்த்து நிற்கிறார்கள், குழந்தைக்குப் பால் கொடுக்கிறார்கள், புளியோதரைப் பொட்டலம் பிரிக்கிறார்கள். அவர்கள் சாய்ந்திருக்கும் அந்தக் கோயிலின் சுவரில் ஒரு மருத்துவமனையின் ஆண்டு வரவு செலவுக் கணக்கு செதுக்கப்பட்டிருக்கிறது. ஏறக்குறைய 950 ஆண்டுப் பழைய கணக்கு.

சென்ற வாரம் உத்திரமேரூரில் நின்றோம். 919, 921 ஆகிய ஆண்டுகளின் பராந்தகன் கல்வெட்டுகள் குடவோலைக்கு விதித்த விதிகளையும், ஏரிக்கும் தோட்டத்துக்கும் வாரியம் அமைத்த முறையையும் பார்த்தோம். யார் நிர்வகிப்பது என்பதற்கு உத்திரமேரூர் விடை சொல்கிறது. எந்தப் பணத்தில் என்ற கேள்விக்கு விடை வேண்டுமானால் அங்கிருந்து வடக்கே வந்து இந்த ஆற்றங்கரையில் நிற்கவேண்டும்.

திருமுக்கூடல் கல்வெட்டைத் தொல்லியல் துறையினர் 1915இல் படியெடுத்தார்கள். அதைப் படித்து, விரிவான விளக்கத்தோடு எபிகிராபியா இண்டிகாவின் 21ஆம் தொகுதியில் பதிப்பித்தவர் கே. வி. சுப்பிரமணிய ஐயர். மன்னன் வீரராசேந்திரன். 1063 முதல் 1070 வரை ஆண்டவன், சாளுக்கியரைக் கூடல் சங்கமத்தில் வென்றவன். மெய்க்கீர்த்தி முழுக்கப் போர்ச் செய்திதான். யானைகளும் தலைகளும் முடிந்த பிறகு, கங்கைகொண்ட சோழபுரத்து அரண்மனையில் மன்னன் வீற்றிருந்து இட்ட ஓர் ஆணை வருகிறது. வயலைக்காவூர் என்ற ஊர் அதுவரை சாலபோகமாக, அதாவது அறச்சாலைக்கு உரிய பங்காக, 75 கழஞ்சு பொன் கட்டிவந்தது. அந்தப் பொன்னை இனித் திருமுக்கூடல் பெருமாள் கோயிலின் செலவுகளுக்கே கொடுத்துவிடுவது என்பது ஆணை. வயலைக்காவூர் இன்றும் இருக்கிறது. வயலக்காவூர் என்று பேருந்துப் பலகையில் எழுதியிருக்கும். உத்திரமேரூர் ஒன்றியத்து ஊர்தான்.

அந்த ஊர் வரியைக் கொண்டு கோயில் வழிபாடு, ஒரு வேதக் கல்லூரி, அதன் மாணவர் விடுதி, ஒரு மருத்துவமனை எல்லாம் நடக்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்று இனம் இனமாகப் பிரித்துக் கடைசியில் கூட்டுத்தொகையும் போட்டிருக்கிறார்கள். நெல் 3,243 கலமும் சொச்சமும். காசு இருநூற்றுப் பதினாறரைக்குச் சற்று மேல். மாதவன் தாமயன் என்ற வணிகர் எடுப்பித்த சனநாத மண்டபத்தில்தான் பள்ளியும் விடுதியும் ஆதுலர் சாலையும் நடந்தன. கட்டடம் வணிகர் கொடை. ஆண்டுச் செலவு அரசு விட்டுக்கொடுத்த வரி. ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு நன்கொடை கிடைப்பது எளிது, அதை நடத்துவதற்குக் கிடைப்பதுதான் கடினம் என்பது எந்தக் காலத்து ஊர்ப் பெரியவருக்கும் தெரியும். 11ஆம் நூற்றாண்டில் அந்த இரண்டும் இரண்டு கைகளிலிருந்து வந்ததைப் பார்க்கும்போது, யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்ற மதிப்பு எழுகிறது.

ஆதுலர் என்றால் நோயாளிகள். சாலைக்கு வீரசோழன் என்று பெயர். படுக்கை 15. ஒவ்வொரு நோயாளிக்கும் நாள் ஒன்றுக்கு ஒரு நாழி அரிசி. நோய் பார்த்து மருந்து சொல்லும் வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாமப் பட்டன். அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல், 8 காசு, அதற்கு மேல் காணி நிலம். சல்லியக்கிரியை செய்பவருக்கு, அதாவது கத்தி பிடிப்பவருக்கு, 30 கலம் நெல். மூலிகை கொண்டுவந்து, விறகிட்டு, மருந்து காய்ச்ச இரண்டு பேர். இருவருக்கும் சேர்த்து 60 கலமும் 2 காசும். நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துக் கவனிக்க மருந்து அடும் பெண்டுகள் இருவர். ஒரு நாவிதர். தண்ணீர் சுமக்க ஓர் ஆள். இரவில் எரியும் விளக்குக்கு எண்ணெய்கூடத் தனி இனம். இரவெல்லாம் ஒரு விளக்காவது எரியாவிட்டால் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்த யாரோ இந்தக் கணக்கை எழுதியிருக்கிறார்.

நான் ஒரு நாள் இந்த எண்களை வைத்துக்கொண்டு கூட்டிப் பார்த்தேன். நாழி எட்டு கொண்டது குறுணி, குறுணி பன்னிரண்டு கொண்டது கலம். 15 பேருக்கு நாளுக்கு 15 நாழி என்றால் 360 நாளுக்கு 5,400 நாழி அரிசி, 56 கலத்துக்குச் சற்று மேல். ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்பது சோழர் கோயில்களில் வழங்கிய வாய்பாடு. அப்படிப் போட்டால் 140 கலம் நெல். வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகைக்காரர் மூவகையினர் கூலி 180 கலம். ஆக 320 கலம். செவிலிப் பெண்கள், நாவிதர், தண்ணீர்க்காரர் கூலியைச் சேர்க்காமலே மொத்த நெல்லில் பத்தில் ஒன்று நோயாளிகள் பக்கம் போயிருக்கிறது. இன்னொன்றும் அந்தக் கணக்கில் தெரிகிறது. வைத்தியரின் நெல்லைவிட நோயாளிகளின் சோற்றுக்குப் போன நெல் அதிகம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் பொய்யான பெருமை பேசியவன் ஆவேன். அந்த வைத்தியர் யாருக்கு மருந்து கொடுக்கக் கடமைப்பட்டவர் என்று கல் சொல்கிறது: சாலையில் கிடக்கும் நோயாளிகள், கோயில் பணியாளர்கள், கல்லூரியின் ஆசிரியர்கள், மாணவர்கள். வயலைக்காவூரில் ஏர் பிடித்து, நாற்று நட்டு, அந்தப் பொன்னுக்கும் நெல்லுக்கும் வியர்வை சிந்தியவர்கள் அந்தப் பட்டியலில் ஓர் இனமாக எழுதப்படவில்லை. வரி அவர்களுடையது, பெயர் சொல்லி எழுதிய உரிமை வேறு சிலருடையது. அடுத்த 900 ஆண்டுகளின் மருத்துவ நிதி வரலாறு என்பதே, வரி கொடுத்தவன் அந்தப் படுக்கையை எட்டுவதற்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்ற கதைதான்.

இனி மருந்துப் பட்டியலுக்கு வருகிறேன். இந்தக் கல்வெட்டில் எனக்கு மிகப் பிடித்த பகுதி அதுதான். ஓராண்டுக்குச் சாலையில் இருப்பு வைக்கவேண்டிய மருந்துகளைப் பெயர் சொல்லி அடுக்குகிறது: வாசாஹரீதகி, கோமூத்திர ஹரீதகி, தசமூல ஹரீதகி, பல்லாதக ஹரீதகி, பில்வாதி கிருதம், மண்டூகர வடகம், வஜ்ரகல்பம், கல்யாண லவணம், கண்ணுக்கு சுநேத்ரி என்று இருபதை ஒட்டிய எண்ணிக்கை. இருப்பு குறைந்தால் ‘என்ன வேண்டும்’ என்று யாரும் யாரையும் கேட்கவேண்டிய அவசியம் இல்லை. சுவரைப் பார்த்தால் போதும். பட்டியலின் கடைசியில் ஓர் இனம் இருக்கிறது. புராண சர்ப்பி செய்வதற்கு ஆண்டுதோறும் ஒரு படி பசு நெய்.

புராண சர்ப்பி என்றால் பழைய நெய். வேறெந்தப் பக்குவமும் வேண்டாம், நெய்யை மூடி வைத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். பத்தாண்டு போனால்தான் அது ‘புராண’ நெய் என்பது ஆயுர்வேதக் கணக்கு. எதற்கு அந்த மருந்து? மயக்கம், காய்ச்சல் போன்றவற்றோடு அபஸ்மாரம், உன்மாதம் இரண்டுக்கும் அதைச் சரக சங்கிதை சொல்கிறது. அபஸ்மாரம் நம் ஊரில் காக்காய் வலிப்பு என்கிறோமே, அது. உன்மாதம் சித்தம் கலங்குதல். பழைய நெய்யை இருப்பில் வைத்த வைத்தியர் சித்தம் கலங்கியவரைப் பார்த்திராதவராக இருக்க முடியாது.

அந்த ஒரு படி நெய்யை நினைத்து நான் பல இரவுகள் வியந்திருக்கிறேன். இந்த ஆண்டு ஒதுக்கும் நெய்யால் இந்த ஆண்டு எந்த நோயாளிக்கும் பயனில்லை. பத்தாண்டு கழித்து, இன்னும் வராத ஒரு நோயாளிக்காக, இன்றைக்கு ஒரு படி. நடுவில் ஓர் ஆண்டு ‘நிதி நெருக்கடி’ என்று நிறுத்தினால், அந்த ஓட்டை பத்தாண்டு கழித்துத்தான் தெரியும். அப்போது பழைய நெய்யைக் காசு கொடுத்து அவசரமாக வாங்கவும் முடியாது. மனநோய்க்கு ஒதுக்கும் பணத்தின் இயல்பும் இதுவேதான். தொகை பெரிதாக இருக்கவேண்டும் என்பதைவிட அறுபடாமல் வரவேண்டும்.

அது அறுபட்ட கதையைச் சொல்கிறேன்.

சோழருக்குப் பின் வந்த நூற்றாண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். 1763இல் ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் 1767இலிருந்து 1774 வரை ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து, ஊர்க் கணக்கர்களிடமிருந்து விவரம் திரட்டினார். அந்த ஏடுகளைப் பின்னாளில் வரலாற்றாய்வாளர் தரம்பாலும் அவர் வழி வந்தவர்களும் படித்துப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. களத்தில் நெல் அளக்கும்போதே கோயிலுக்கு, ஏரிக்கு, வெட்டியானுக்கு, வைத்தியனுக்கு, நாவிதனுக்கு என்று மேரைகளும் மானியங்களும் ஒதுங்கிவிடும். அதற்குப் பிறகுதான் அரசு பங்கு. அரசனும் ஆணையும் இல்லாமலே ஒரு சிறு வரவு செலவுத் திட்டம் ஊருக்கு ஊர் ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனி ஆட்சியில் இந்த மானியங்கள் படிப்படியாகக் குறுகின. ஊரில் ஒதுங்கிய நெல் பணமாகிக் கஜானாவுக்குப் போயிற்று. போனது திரும்பி வரக் காலம் ஆயிற்று.

1794இல் லயனல் பிளேஸ் அந்தச் செங்கல்பட்டு ஜாகீரில் கம்பெனிக்கு வரி வசூலிக்கும் கலெக்டரானார். அதே 1794இல் சென்னையில் வாலண்டைன் கானொலி என்ற உதவி மருத்துவர் புரசைவாக்கம் பக்கத்தில் மனநோயாளிகளுக்கு ஒரு விடுதி தொடங்கினார். தென்னிந்தியாவின் முதல் மனநோய் விடுதி அதுதான், கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் வித்து. இந்த இரண்டு செய்திகளுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனாலும் ஒரே ஆண்டில் ஊர்ப் பணம் எந்தத் திசையில் போயிற்று, மனநோய்க்கான பணம் எந்த இடத்தில் நின்றது என்று அடுத்தடுத்து வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

1871 இன்னொரு ஆண்டு. அந்த ஆண்டுதான் மனநோய் விடுதி கீழ்ப்பாக்கத்து லோகாக் தோட்டத்துக்குப் போயிற்று. அந்த ஆண்டுதான் சென்னை மாகாணத்தில் உள்ளூர் நிதிச் சட்டம் வந்தது. நிலவரி ரூபாய்க்கு ஓரணா வரை கூடுதலாக வசூலித்து, அதிலிருந்து சாலை, பள்ளிக்கூடம், அம்மை குத்துதல், ஊர் டிஸ்பென்சரி. பெரும்பகுதி சாலைக்கே போயிற்று, மிச்சம் மற்றவற்றுக்கு. ஆக, தலைநகரத்தில் ஒரே ஓர் இடத்தில் மனநோய்க்கு மாகாணக் கஜானா. கிராமத்துக்கு ஓரணா வரியில் காய்ச்சல் தைலமும் கட்டுத்துணியும். கிராமத்து மனநோய் இரண்டு கணக்கிலும் விழவில்லை. 1922இல் விடுதி அரசு மனநோய் மருத்துவமனை என்று பெயர் மாறிய பின்னும் பாலாற்றங்கரைக்கு நிலைமை அதேதான்.

1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் மருத்துவமும் சுகாதாரமும் மாகாண அமைச்சர்களிடம் வந்தன. நீதிக் கட்சியின் பனகல் அரசர் ஆட்சியில் 1920களின் நடுவில் இரண்டு காரியங்கள் நடந்தன. சித்தம், ஆயுர்வேதம், யுனானி கற்பிக்கக் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தியைத் தலைவராகக் கொண்டு இந்திய மருத்துவப் பள்ளி திறந்தது. அரசு மானியத் தொகை கொடுத்து மருத்துவர்களைக் கிராமத்தில் குடியமர்த்தும் திட்டம் தொடங்கியது. இரண்டாவதைப் பற்றி இன்று அதிகம் பேசுவார் இல்லை. காணி நிலம் கொடுத்து வைத்தியரை ஊரில் நிறுத்திய திருமுக்கூடல் முறையின் 20ஆம் நூற்றாண்டு வடிவம் அது என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்குப் பின் 1939. ராஜாஜி அமைச்சரவையில் டாக்டர் தி. சே. சௌ. ராஜன் சுகாதார அமைச்சர். இந்தியாவிலேயே முதலாவதான பொதுச் சுகாதாரச் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. கொசு, கழிவுநீர், தொற்றுநோய் பற்றிய பிரிவுகளைத் தாண்டி அதில் நிதி பற்றிய ஒரு பிரிவு உண்டு. நகராட்சிகள் அரசு மானியம் நீங்கலான தங்கள் வருமானத்தில் நூற்றுக்கு 30க்குக் குறையாமலும், மாவட்டக் கழகம் போன்ற ஊரக அமைப்புகள் பன்னிரண்டரைக்குக் குறையாமலும் பொதுச் சுகாதாரத்துக்கென ஒதுக்கியே ஆகவேண்டும். ஒதுக்கலாம் என்று சொல்லவில்லை, ஒதுக்கவேண்டும் என்று சொன்னது சட்டம். நெல்லை அளந்து தனியே வைத்த அதே மனம், 870 ஆண்டு கழித்துச் சட்டப் புத்தகத்தில். ஆனால் அந்தப் பன்னிரண்டரைக்கு அடியில் இருந்த வருமானமே மெலிந்தது. வறண்ட ஏரியில் எட்டில் ஒரு பங்கு மதகைத் திறந்து என்ன பயன்?

போர் (Bhore) கமிட்டி 1946இல் அரசு வருவாயில் நூற்றுக்கு 15 மருத்துவத்துக்குப் போகவேண்டும் என்றது. 2017ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கை, மாநிலங்கள் தங்கள் பட்ஜெட்டில் 8 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்கவேண்டும், அதுவும் 2020க்குள் என்றது. தமிழ்நாட்டில் சுகாதாரத் துறைக்கு 2023-24இல் 18,661 கோடி, 2024-25இல் 20,198 கோடி, 2025-26இல் 21,906 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ஏறுமுகம்தான். அந்தக் கடைசித் தொகையை அந்த ஆண்டின் வருவாய்ச் செலவோடு வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு ஏறத்தாழ 6 ரூபாய். ஒரு கோயிலின் கணக்கையும் ஒரு மாநிலத்தின் கணக்கையும் ஒரே தராசில் வைப்பது நியாயம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாநிலம் சம்பளமும் ஓய்வூதியமும் வட்டியும் கட்டவேண்டும். ஆனால் 15, 8, 6 என்ற மூன்று எண்களும் நம் காலத்தவைதான்.

இன்றைய கல்வெட்டு எது என்று கேட்டால், சட்டமன்றத்தில் வைக்கும் மானியக் கோரிக்கை எண் 19. அதற்குள் 2210 என்ற பெருந்தலைப்பு மருத்துவமும் பொதுச் சுகாதாரமும். 2210க்குள் 01 நகரம், 03 ஊரகம், 05 மருத்துவக் கல்வி, 06 பொதுச் சுகாதாரம். பழையசீவரத்துக்காரர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கும் சர்க்கரை மாத்திரை இந்தத் தலைப்புகளில் ஏதோ ஒன்றிலிருந்துதான் வருகிறது. மருந்து வாங்கும் ஏற்பாட்டில் தமிழ்நாடு உண்மையிலேயே பெருமைப்படத் தக்க ஒன்றைச் செய்தது. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவானது, 1995இலிருந்து வேலை தொடங்கியது. மாநிலம் முழுவதற்கும் சேர்த்து ஒப்பந்தம் கோரி வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் இறக்குகிறார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். ஆண்டுக்கு இத்தனை ரூபாய் மதிப்புக்கு மருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் வரம்பு. எடுக்க எடுக்கக் கழியும். அத்தியாவசிய மருந்துப் பட்டியல் ஒன்று இருக்கிறது. வாசாஹரீதகி இருந்த இடத்தில் மெட்பார்மின். ராஜஸ்தான் போன்ற மாநிலங்கள் இந்த முறையைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்துக்கொண்டன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோயிற்று. வரி கொடுத்தவனின் வாசலை மருந்து எட்டியது.

மனம் மட்டும் வெகு காலம் வெளியே நின்றது. எங்கள் பக்கத்தில் ஒருவருக்குச் சித்தம் கலங்கினால் வண்டி பிடித்துச் சோளிங்கருக்குப் போவார்கள். சின்ன மலை ஆஞ்சநேயர், தக்கான் குளத்தில் முழுக்கு, ஒரு மண்டலம் தங்கல். திருச்சிப் பக்கத்தார் குணசீலம் போவார்கள். தென்கோடியில் ஏர்வாடி தர்கா. எனக்கு இதில் பக்தியைக் குறைசொல்ல மனம் வரவில்லை. கஜானா கைவிட்டவர்களுக்கு நூறு ஆண்டுக்கு மேல் கூரை கொடுத்தவை இந்தத் தலங்கள். ஆனால் அந்தக் கூரையைச் சுற்றிப் பணம் பறிக்கும் விடுதிகள் முளைத்தன. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடி விடுதி ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் எரிந்து இறந்தார்கள். ஒரே வாரத்தில் அங்கிருந்த விடுதிகளை மூடி ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை அரசு பொறுப்பேற்றது. உச்ச நீதிமன்றம் தானாக வழக்கெடுத்தது. அத்தனை பேரைப் பொறுப்பேற்க ஒரு வாரத்தில் வழி பிறந்தது. அதற்கு முன்பும் வழி இருந்திருக்கும்.

மாவட்டந்தோறும் மனநல மருத்துவம் என்ற எண்ணம் புதிதில்லை. தேசிய மனநலத் திட்டம் 1982இல் வந்தது. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் நாட்டில் நான்கு மாவட்டங்களில் தொடங்கியது. அவற்றில் ஒன்று திருச்சி. அதன் நிதி ஏற்பாட்டில்தான் கோளாறு இருந்தது. ஐந்து ஆண்டு ஒன்றிய அரசு பணம் தரும், பிறகு மாநிலம் ஏற்கவேண்டும். நாட்டின் பல மாவட்டங்களில் அந்த ஐந்தாம் ஆண்டு முடிந்ததும் பணம் நின்றது, டாக்டர் போனார், மாத்திரை போயிற்று. பத்தாண்டு மூடி வைக்கவேண்டிய நெய்க்கு ஐந்தாண்டு மட்டும் படியளந்த கதை. 2024-25இல் ஒன்றியத்தின் சுகாதார ஒதுக்கீடு சுமார் 90,000 கோடி. மனநலத்துக்குச் சுமார் 1,000 கோடி. அதிலும் 850 கோடி பெங்களூரு நிம்ஹான்ஸ் என்ற ஒரே நிறுவனத்துக்கு. 1794இன் வடிவம் இன்னும் மாறவில்லை: ஒரு பெரிய நகரம், ஒரு பெரிய கட்டடம், கிராமத்துக்கு மிச்சம். 2015-16இல் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் ஏதாவது ஒரு மனநோயோடு இருக்கிறார்கள் என்றது.

இன்று தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் மனநலத் திட்டம் இருக்கிறது. 2022இலிருந்து 14416 என்ற எண்ணில் ‘நட்புடன் உங்களோடு’ என்று தொலைபேசியில் பேசுகிறார்கள். கல்லூரிகளில் மனம் என்ற பெயரில் மன்றங்கள் வந்திருக்கின்றன. இவற்றை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். நடு இரவில் ஓர் எண்ணை அழுத்தினால் தமிழில் ஒரு குரல் கேட்கும் என்பது சாதாரணம் இல்லை.

ஆனால் இதை எழுதும்போது என் கண்முன் நிற்பவர் என் பெரியம்மா மகன். எங்களைவிட மூத்தவர், நாங்கள் அண்ணன் என்போம். இருபத்திரண்டு வயதில் அவருக்குக் காதில் குரல் கேட்க ஆரம்பித்தது. சோளிங்கரில் ஒரு மண்டலம் இருந்தார்கள். பிறகு ஓர் அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கிடைத்து, தேறி, தறியில் உட்கார்ந்தார். மூன்று வருஷம் நன்றாக இருந்தார். ஒரு மாதம் பெரியம்மா போனபோது, “மாத்திரை வரலைம்மா, அடுத்த மாசம் பாருங்க” என்றார்கள். அடுத்த மாதமும் வரவில்லை. வெளியே வாங்கக் காசில்லை. மூன்றாம் மாதம் அண்ணன் வீட்டைவிட்டுப் போய்விட்டார். அவரைக் கண்டுபிடிக்க ஐந்து மாதம் ஆனது. அந்த இரண்டு மாத மாத்திரையின் விலை, பெரியப்பா அவரைத் தேடி அலைந்த பஸ் கூலியில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கணக்குப் புத்தகத்தில் அந்த இரண்டு மாதம் சேமிப்பாகத்தான் பதிவாகியிருக்கும்.

பழைய நெய்க்கு ஆண்டுக்கு ஒரு படி எழுதிய கை, நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரிந்த கை. அதனால்தான் அதைக் கல்லில் எழுதிற்று.

அந்தச் சுவரை நான் கடைசியாகப் பார்த்தது பார்வேட்டை அன்றைக்கு. வரதர் ஆற்றைக் கடந்து வந்துகொண்டிருந்தார். நாகஸ்வரம் மணலில் அமிழ்ந்து அமிழ்ந்து கேட்டது. பெரியம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அண்ணன். தலை நரைத்துவிட்டது. பெரியம்மா மஞ்சள் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து ஒன்றைப் பிதுக்கி அவர் கையில் வைத்தார். அவர் தண்ணீர் குடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மீதியை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

“பன்னெண்டு இருக்கு” என்றார் என்னிடம். “பதிமூணாம் நாள் வெள்ளிக்கிழமை. அன்னிக்கு ஆஸ்பத்திரி உண்டில்ல?”

(தொடரும்)